அவிழ்க்காமல் வைத்த நேர்த்தி முடிச்சுகள்

என் பெயர் ஜெசிந்தா. புத்தளம் பக்கத்துக் கடலோர ஊரான மாம்புரியில் ஜெசி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். என் கணவர் அலோசியஸ் கடல் தொழில் செய்கிறவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, டிலானி. அவளுக்கு ஒன்பது வயது. போன வருடம் பிறந்து கொஞ்ச நாளில், விடியப்புறம் கடலுக்குப் போன என் கணவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்று, நங்கூரக் கயிறும் அறுந்து, அவரையும் கூட்டாளி ஒருவரையும் காற்று கொண்டுபோயிருக்கிறது.

அந்த இரண்டு நாளும் நான் கடற்கரை மணலில்தான் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களைக்கூட ஏசித் துரத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும். மூன்றாம் நாள் காலையில் வேறு ஊர்ப் போட் ஒன்று அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. உதடு வெடித்து, கண் சிவந்து, ஆள் பாதியாகி இறங்கினார். இறங்கினவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஜெசி, தேத்தண்ணி இருக்கா?"

எனக்கு வந்த கோபத்தில், அத்தனை சனத்துக்கு முன்னாலும் முதுகில் இரண்டு அடி போட்டேன். பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதேன்.

இந்த அளவில் முடிந்திருந்தால் இது, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்கிற அவருடைய சாட்சியாக இருந்திருக்கும். அவர் நன்றாகத்தான் இருந்தார். மூன்று கிழமை கழித்து எஞ்சினைத் திருத்திக்கொண்டு மறுபடியும் தொழிலுக்குப் போனார். போகாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டு அடுப்பு எரிவது கடலால்தான். அவர் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார். என் மனம்தான் வந்து சேரவில்லை.

எப்படிச் சொல்வேன்! தலைக்குள் ஒரு பெண் குந்தியிருந்து விடாமல் கத்திக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். எஞ்சின் நின்றிருக்குமோ, காற்று மாறுகிறதோ, கரை வரைக்கும் எண்ணெய் காணுமோ. எங்கள் பக்கம் கடற்கரை நெடுக மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகள் நிற்கின்றன. வெளியூர்க்காரர் வந்து அவற்றோடு நின்று படம் எடுப்பார்கள். நானோ அவை சுற்றுகிற வேகத்தை வைத்துக் காற்றை அளந்துகொண்டு நிற்பேன். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பயம். சுற்றாமல் நின்றால் அதற்கும் பயம். காற்றில்லாத நேரத்தில் எஞ்சின் நின்றால் பாய் கட்டிக்கூட வர முடியாதே! இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில் எத்தனை நாள் சோறு அடிப்பிடித்தது என்று கேட்காதீர்கள்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்குப் போனில் சிக்னல் இருக்கும். அந்தத் தூரத்துக்குள் அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் விடமாட்டேன். ஒருநாள் காலையில் மட்டும் ஒன்பது தரம் எடுத்திருக்கிறேன்.

"என்னடி இப்ப?" என்றார், மூச்சு வாங்க.

"சும்மா. என்ன செய்றீங்க?"

"கடலுக்குள்ள என்ன செய்வன், புட்டு அவிக்கிறனா? வலை இழுக்கிறம், வை!"

அவர் வைத்துவிடுவார். அந்த அதட்டலைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதி. உயிரோடு இருக்கிற ஆள்தானே ஏசுவார்? பிறகு மறுபடியும் அந்தப் பெண் தலைக்குள் தொடங்கிவிடுவாள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆபத்து வந்தால் ஒரு குற்றிக்காசை, ஒரு சில்லறை நாணயத்தைக் கழுவி, வெள்ளைத் துணித் துண்டில் வைத்து முடிந்து, ஒரு புனிதரிடம் நேர்ந்துகொண்டு, வீட்டிலுள்ள திருச்சுரூபத்தின் அடியில் வைப்போம். கேட்டது கிடைத்ததும் அந்த முடிச்சை அவிழ்த்து, கோயிலில் நன்றி சொல்லிக் காசைப் பெட்டிக்குள் போடுவோம். அவர் காணாமல் போன இரண்டு நாளில், கரையிலிருந்து வீட்டுக்கு ஓடி ஓடி வந்து ஐந்து முடிச்சுப் போட்டேன். அதில் பிழையில்லை. யாரும் போடுவார்கள்.

ஆனால் அவர் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும் நான் நாளுக்கு ஒன்று போடத் தொடங்கினேன். அந்தோனியாருக்கு ஒன்று, தலவில அன்னம்மாவுக்கு ஒன்று, செபஸ்தியாருக்கு ஒன்று, மடு மாதாவுக்கு ஒன்று, யூதா ததேயுவுக்கு ஒன்று. முடிந்ததும் மறுபடி அந்தோனியார். என் கணவர் உடுக்கிற பழைய வெள்ளைச் சாரம் ஒன்று முடிச்சுத் துணிக்கென்று கிழிந்து கிழிந்தே முடிந்துபோனது. அவர் அலுமாரியைக் குடைந்து அந்தச் சாரத்தைத் தேடியபோது எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கும் பிறகு ஒரு முடிச்சு.

கொஞ்ச நாளில் யாருக்கு என்ன நேர்ந்தேன் என்பதே குழம்பிவிட்டது. அன்னம்மாவுக்குச் சொன்ன மெழுகுதிரியை அந்தோனியாருக்குக் கொளுத்திவிட்டேனோ? செபஸ்தியாருக்கு நடந்து வருகிறேன் என்று சொன்னேனா, இல்லை சாப்பிடாமல் இருக்கிறேன் என்று சொன்னேனா? புனிதர்கள் கோபிப்பார்களோ என்று ஒரு பயம் தொடங்கியது. கடல் பயத்துக்கு மேல் இது. செபமாலை சொன்னால் வாய் மட்டும் பந்தயத்தில் ஓடுவதுபோல் ஓடும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' முடிவதற்குள் மனம் காற்றாடியைப் பார்த்துவிட்டு வந்துவிடும்.

போட்டுக்குள்ளும் ஒளித்துவைத்தேன். சாப்பாட்டுப் பையில் ஒன்று, எஞ்சின் மூடிக்குள் ஒன்று, எண்ணெய்க் கானின் பிடியில் ஒன்று. ஒருநாள் அவர் எல்லாவற்றையும் கையில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இந்தா பிடி. இத்தின புனிதமார ஏத்தினா போட் தண்ணிக்குள்ள தாண்டு போயிரும்டி. நான் மீன எங்க போடுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் நிறுத்தினார். "சரி, சரி. ஒண்ட மட்டும் வை" என்று எண்ணெய்க் கானில் இருந்ததைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். வாய் மட்டும்தான் கடல்காரன் வாய்.

அவருடைய வற்புறுத்தலால் புத்தளத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். பதகளிப்பு நோய், ஓயாத பயத்தால் வருவது என்றார். மருந்து தந்தார், மூச்சை மெதுவாக விட்டுப் பழகச் சொன்னார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த மருந்தும் ஆண்டவர் தந்ததுதான். நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. ஆனால் யோசனை நிற்கவில்லை. நானும் அதை நிற்க விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பரீனா ராத்தாவின் தோட்டம். முஸ்லிம் பெண், என்னை விட மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா என்றே கூப்பிடுவேன். மணல் தரையில் மிளகாயும் வெங்காயமும் போட்டிருக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் அங்கே வேலைக்குப் போவேன். ஒருநாள் இரண்டு பேரும் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல ஒரு காய் பறிப்பதும் காற்றாடியைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"ஜெசி, நான் ஒண்டு சொன்னா கோவிக்கப்படாது."

"சொல்லுங்க ராத்தா."

"ஒங்கட மக முந்தாநேத்து எங்கட ஊட்டுக்கு வந்திச்சி. 'மாமி, எங்கட புனிதமார் எல்லாருக்கும் அம்மா முடிஞ்சி வச்சிட்டா. இன்னும் காணாது போல. உங்கட அல்லாஹ்வுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறீங்களா?' எண்டு கேக்குது."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை.

"நானும் இப்பிடித்தான் சிரிச்சன் புள்ள. பொறகு அதுட கையப் பாத்தன். சிரிப்புப் போயிட்டு. வெரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சி கெடக்கு. நீங்க காணல்லயா?"

நான் காணவில்லை. தினமும் காலையில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுகிறவள் நான். அவளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறவள் நான். என் பிள்ளையின் விரல்களை நான் காணவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அவள் பள்ளியால் வந்ததும் புத்தகப் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே அவளுடைய லேஞ்சி கிடந்தது. மூக்குத் துடைக்கக் கொடுத்துவிட்ட சின்னத் துணி. அதன் நாலு மூலையிலும் விளிம்பு முழுவதிலும் குட்டிக் குட்டி முடிச்சு. தலைக்குக் கட்டுகிற ரிபனிலும் முடிச்சு. காசு இல்லாததால் சிலதுக்குள் சின்னச் சிப்பியை வைத்து முடிந்திருந்தாள். அந்த இறுகின முடிச்சுகளை இழுத்து இழுத்துத்தான் விரல் உரிந்திருந்தது.

"இது என்ன மகள்?"

"ஒவ்வொரு பாடத்துக்கும் ஒண்டு அம்மா. மணி அடிக்கிற நேரம் போடாட்டி அப்பாட எஞ்சின் நிண்டுரும்."

"அப்பிடி யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க அப்பிடித்தானே செய்றீங்க?"

அடுத்த நாள் பள்ளிக்குப் போய் அவளுடைய ரீச்சரிடம் கேட்டேன். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் விளையாட ஓடும்போது இவள் மட்டும் யன்னலடியில் நின்று காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். கேட்டால் தலையிடி என்று சொல்வாளாம். மூன்று மாதமாக அவள் ஒருநாளும் விளையாடப் போனதில்லையாம்.

கணவரைக் கடல் கொண்டுபோய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கரையில் வைத்து என் பிள்ளையை நானே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

பள்ளியிலிருந்து நேரே ராத்தாவின் தோட்டத்துக்குத்தான் போனேன். ராத்தா பாத்திகளுக்குச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிற குழாயைத் திறந்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஒருவரும் இல்லை. மிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவில் மணலில் முழங்காலில் விழுந்தேன். அழுது அழுது கேட்டேன். அன்றைக்கு நான் எந்தப் புனிதரையும் கூப்பிடவில்லை, எதையும் நேரவுமில்லை. "ஆண்டவரே, அவர் திரும்பி வர வேண்டும் என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு நானும் களைத்துவிட்டேன், உமக்கும் களைத்திருக்கும். என் தலைக்குள் கத்துகிறவளை நிறுத்தும். என் பிள்ளையைத் திருப்பித் தாரும்." இவ்வளவுதான் என் மன்றாட்டு.

வானத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. அழுகை ஓய்ந்து அப்படியே குந்தியிருந்தேன். தண்ணீர் சுற்றிச் சுற்றி விழுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வந்து மிளகாய் இலையில் பட்டால் ஒரு சத்தம், வெறும் மணலில் பட்டால் இன்னொரு சத்தம். நனைந்த மணலின் மணம் வந்தது. என் கையிலும் துளி விழுந்தது, குளிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்த நேரம் முழுவதும் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. தலைக்குள் ஒருத்தியும் கத்தவில்லை.

ஒரு நிமிடம் இருந்திருக்குமா? இருக்காது. உறைத்த உடனே அவள் மறுபடி தொடங்கிவிட்டாள். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தச் சத்தம் நிற்கக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆண்டவர் எனக்குக் கொடுத்த முதல் பதில் அந்த ஒரு நிமிடம்.

அதே பின்னேரம் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் அள்ளிக்கொண்டு எங்கள் கோயில் குருவான பங்குச் சுவாமியிடம் போனேன். இவற்றையெல்லாம் எப்படித் தீர்ப்பது, யாருக்கு எது என்றே தெரியவில்லையே என்று கேட்பதற்குத்தான் போனேன். சுவாமி என்னை விட இளையவர், நீர்கொழும்புப் பக்கத்தவர். தமிழ் கதைக்கும்போது இடையிடையே சிங்களம் எட்டிப் பார்க்கும். வளவுக்குள் கோழிக்கூட்டுக்குக் கம்பி அடித்துக்கொண்டு நின்றார். பையைத் திறந்து காட்டினேன்.

"அம்மோ! இவ்வளவா, அக்கா?"

"ஓம் சுவாமி."

"அலோ அண்ணன் கடலால திரும்பி வந்தாரா?"

"வந்தார் சுவாமி."

"எத்தின நாள்?"

"போன நாள் எல்லாம் வந்தார்."

"ஹரி, சரி. அப்ப இதுல எத்தின முடிச்ச அவிழ்த்தீங்க?"

"ஒண்டும் அவிழ்க்கல்ல சுவாமி. அவிழ்த்தா ஏதும் நடந்துருமோ எண்டு பயம்."

சுவாமி தலையைச் சொறிந்தார். "அப்ப ஆண்டவர் ஒவ்வொரு நாளும் தந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நீங்கதான் இன்னும் வாங்கல்ல போல." அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பாரோ, ஒரு கோழி கூட்டை விட்டுப் பாய்ந்தது. கம்பியைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஓடிவிட்டார். நானும் கொஞ்சம் துரத்திக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு நடந்தது. உண்மைதானே? அவர் மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவர் கரையில் வந்து இறங்குவதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. போட் வருகிற நேரம் நான் வீட்டுக்குள் போனோடு நிற்பேன். "வந்துட்டன்" என்று அவர் சொன்னதும் என் மனம் அந்த நிமிடமே நாளைக்குப் பாய்ந்துவிடும். நாளைக்கு என்ன காற்றோ என்று. கேட்டது என் வாசலுக்கு வந்து நிற்கும்போது நான் அடுத்ததற்குத் துணி கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை டிலானியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டேன். கை வெறுமையாக இருந்தது ஒரு மாதிரித்தான் இருந்தது.

"இண்டைக்கு நாங்க ஒண்டும் கேக்கிறதில்ல, மகள். அப்பா வரும்வரைக்கும் பாக்கிறது மட்டும்தான்."

"எதப் பாக்கிறது?"

"இருக்கிறதப் பாப்பம்."

நல்ல வேலை என்று நினைத்திருப்பாள். முதல் பத்து நிமிடம் என்னால் இருக்கவே முடியவில்லை. மனம் ஓடியது. முன்பென்றால் ஓடாதே என்று அதோடு சண்டை பிடிப்பேன், சண்டை பிடித்தே இன்னும் களைப்பேன். அன்றைக்கு, டொக்டர் சொன்ன மாதிரி மூச்சை மெதுவாக விட்டேன். விடும்போது "ஆண்டவரே, இங்கேதான் இருக்கிறீர்" என்று மனதுக்குள் சொன்னேன். மனம் மறுபடி ஓடியது. "சரி, வா" என்று கூப்பிட்டேன். தெருவுக்கு ஓடுகிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவதுபோல எத்தனை தரம் கூட்டிவந்தேனோ தெரியாது. ஏசவில்லை. அதுதான் புதிது.

டிலானிதான் கெட்டிக்காரி. "அம்மா, நண்டு மண்ணை உருட்டி உருட்டி வெளிய போடுது பாருங்க" என்றாள். பார்த்தேன். "அம்மா, அந்த இடத்தில தண்ணி வேற நிறம்." பார்த்தேன். கல் இருக்கிற இடம் கருநீலமாகவும் மணல் இருக்கிற இடம் பச்சையாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தக் கடலுக்கு முன்னால் இருக்கிறேன். இவ்வளவு அழகு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது எங்களைப் படைத்தவரின் வேலைதானே, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு செபம்தான் என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி போட் ஆனது. போட்டில் ஒரு ஆள் எழுந்து நின்றார். அந்த நிற்கிற விதத்திலேயே அவர்தான் என்று தெரிந்தது. அலை ஏற்றிவிட, காலை மணலில் வைத்தார். எங்கள் இருவரையும் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"என்ன? யார் செத்தது?"

"ஒருத்தரும் சாகல்ல. உங்களப் பாக்க வந்தம்."

"என்னப் பாக்கவா?" நம்பவில்லை. கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். கல்யாணம் முடித்துப் பதின்மூன்று வருடமான ஆளுக்கு வெட்கம் வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் காலடி மணலில் பட்ட பிறகு, நாங்கள் இருவரும் கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தோம். உப்புக் காற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. கடைசியில் டிலானிதான் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "ஆண்டவரே, இன்றைக்கு அப்பா வந்தார். நன்றி" என்று சொன்னோம். யாருக்கு நேர்ந்த முடிச்சு என்று தெரியாததால் எல்லாப் புனிதர்களுக்கும் பொதுவாக ஒரு நன்றி. காசை ஞாயிற்றுக்கிழமை கோயில் பெட்டிக்குள் போட்டோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்ச்சாட்சி. அவர் அடுத்துப் போன நாள் என் நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். முடிச்சை அவிழ்த்துவிட்டேனே, இனி என்ன ஆகுமோ! அவர் வந்தார். இரண்டாவதை அவிழ்த்தோம். மூன்றாவதுக்குப் பயம் கொஞ்சம் குறைவு. பள்ளி நாட்களில் நான் தனியே போய்ப் பார்ப்பேன். டிலானி பின்னேரம் வந்து தன் லேஞ்சியில் ஒன்றை அவிழ்ப்பாள். ஒருநாள் காற்று பலமாக இருந்தது. நான் ஒருவருக்கும் தெரியாமல் துணி கிழித்துப் புதிதாக ஒன்று முடிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா!" பின்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டிலானி நின்றாள். களவு பிடித்த ரீச்சர் மாதிரி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிற காலத்தில் பெரிய கடலுக்குப் போவது குறைவு. அப்போது அவர் களப்பில், கரைக்கு உட்பக்கம் அலையில்லாத நீரில் தொழில் செய்தார், அங்கேயும் போய்ப் பார்த்தோம். பை மெல்ல மெல்ல இளைத்தது. செபமாலையையும் மாற்றிக்கொண்டேன். முழுவதையும் ஓட்டமாகச் சொல்லாமல், மாலையின் பத்து மணிகளை மட்டும், ஒவ்வொரு சொல்லும் என் காதுக்குக் கேட்கச் சொன்னேன். சோறு அடிப்பிடிப்பதும் நின்றது. டிலானியின் விரல் ஆறியது. ஆனால் இடைவேளையில் அவள் விளையாடப் போவதில்லை என்றுதான் ரீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். யன்னலடியில்தான் நிற்கிறாளாம். அதுதான் என்னை அரித்தது. நான் கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது. பிள்ளை இன்னும் வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போல மண்டைக்குள் சத்தத்தோடு திரிகிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். உங்களுக்குக் கடல் இல்லாவிட்டால் ஒரு மரம் இருக்கும், ஒரு கிணற்றடி இருக்கும். அங்கே போய்க் கொஞ்ச நேரம் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்காமல் இருந்து பாருங்கள். அவர் ஏற்கெனவே தந்ததைப் பாருங்கள். மனம் ஓடினால் அன்பாகத் திரும்பக் கூப்பிடுங்கள், அதுவும் ஆண்டவர் படைத்த பிள்ளைதான். மருந்து தந்தால் குடியுங்கள். நான் இன்னும் குடிக்கிறேன். தனியே சுமக்காதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவரிடம் என்றாலும் சொல்லுங்கள்.

இனி, என்னை இதை எழுத வைத்த நாளைச் சொல்கிறேன்.

காற்று அடங்கி, அவர் மறுபடி பெரிய கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அதுவும் ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. பதினொன்று ஆனது. மற்றப் போட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. பன்னிரண்டும் ஆனது. வெயில் சுட்டது. கடைசியாக வந்தவர்கள், "அலோட போட் வெளிய நிண்டது, வலையில மீன் போல" என்றார்கள். மீனாக இருக்கலாம். எஞ்சினாகவும் இருக்கலாம். மூச்சை விட்டேன். "இங்கேதான் இருக்கிறீர்" என்றேன். பயம் போகவில்லை. ஆனால் பயம் மட்டும்தான் இருந்தது, அதற்கு மேல் ஒருத்தியும் கத்தவில்லை.

டிலானி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, பயமா இருக்கா?"

முன்பென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் துடித்திருப்பேன். "ஓம் மகள். பயமாத்தான் இருக்கு."

"எனக்கும் கொஞ்சம் பயம்." கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மீனவர் கொட்டில்களான வாடிகளுக்குப் பக்கத்தில் மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்க பாத்துக்கொண்டு இருங்களன். நான் அங்க போகட்டா?"

"போ" என்றேன். ஓடினாள்.

இரண்டு மணியாகப் போகும்போது போட் வந்தது. வலை நிறையச் சூடை மீன், கழற்றி முடிக்க நேரமாகிவிட்டதாம். கீழே குதித்த உடனே அவர் சுற்றிப் பார்த்தார்.

"மகள் எங்க?"

கையைக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, "டிலானி! அப்பா வந்துட்டன்!" என்று கத்தினார்.

அவள் கோட்டுக்கு நடுவில் நின்றாள். தலைப்பின்னல் அவிழ்ந்து, முகமெல்லாம் மணல். எந்தப் பக்கம் பாய்வது என்று எதிரே நிற்கிற பிள்ளையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"பொறுங்கப்பா! நான் இன்னும் அவுட் இல்ல!"

"பாத்தியாடி உன்ட மகள?" என்று என்னிடம் முறையிட்டார் அவர். "தகப்பன் கடலால வந்து நிக்கிறன். திரும்பிக்கூடப் பாக்கிறாள் இல்ல!"

நான் அவருடைய நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் நான் ஆண்டவரிடம் கேட்டது, அதோ, மணலில் கத்திக்கொண்டு ஓடியது. ஆண்டவர் தந்துவிட்டார். இந்த முறை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்து வாங்கிக்கொண்டேன்.